மன்னிப்புக் கடிதம், ஒரு பக்கம்

என் அண்ணி கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். உள்ளுக்குள் வைத்து ஊறப்போடுவார். அது இன்னும் ஆபத்து.

மருந்து கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரச் சீட்டுகள் எழுதியவர் அவர். ஒரு சீட்டில் வேறொரு மருந்தின் அளவு அச்சாகிவிட்டது. மேனேஜர் நேராக அண்ணியைக் கைகாட்டினான். வேலை போயிற்று. போகும்போது கொடுத்த சான்றிதழிலும் 'கவனக்குறைவு' என்று எழுதிவைத்தான் அந்தப் புண்ணியவான். அதைப் பார்த்த பிறகு எந்த ஆபீஸ் சேர்த்துக்கொள்ளும்?

வேறு வழியில்லாமல் இணையத்தில் எழுத்து வேலை தேடினார். ஒரு தளத்தில் 'தும்பி' என்று பதிந்துகொண்டார். அங்கே யாரும் சொந்தப் பெயர் கேட்பதில்லை. முதல் மாதம் ஒருவரும் சீண்டவில்லை. பிறகு பல் டாக்டரின் அறிமுகப் பக்கம், வாஷிங் மெஷின் குறிப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. இஸ்திரி மேசைதான் ஆபீஸ்.

"வீட்ல சும்மாதானே இருக்க, பேங்க் வரைக்கும் போயிட்டு வாயேன்" என்பான் என் அண்ணன். அண்ணி பார்க்கிற பார்வையில் வாயை மூடிக்கொள்வான்.

போன வாரம் வந்த வேலை: மன்னிப்புக் கடிதம், ஒரு பக்கம். கேட்டவர் ஒரு மேனேஜர்; அவருடைய கம்பெனிக்கு வந்த புது முதலாளி பழைய புகார்களைக் கிளறுகிறாராம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் மன்னிப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டாராம். மருந்துச் சீட்டு, ஒன்பது வருடம் என்று விவரம் படித்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அதே மேனேஜர்தான்! எனக்குக் கை பரபரத்தது.

"திட்டி எழுதுங்க அண்ணி."

"சும்மா இரு. வேலைன்னா வேலை."

உருகி உருகி எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அதே கடிதம், ஒரு புள்ளி மாறாமல், அவன் கையெழுத்தோடு அண்ணியின் சொந்த மின்னஞ்சலுக்கே வந்தது. 'ஏற்க முடியாது' என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் தும்பிக்குச் செய்தி. "மேடம், அந்தம்மா மசியலை. இன்னும் கொஞ்சம் உருக்கமா வேணும்."

"நடந்தது முழுசாத் தெரியாம எப்படி சார் உருக்கமா எழுதறது?"

பதில் வந்தது. "அளவை மாத்திப் போட்டது நான்தான். அன்னைக்கு அவங்க லீவு. மாட்டிக்குவேனோன்னு பயந்து அவங்க தலையில கட்டிட்டேன். இதெல்லாம் கடிதத்துல வேண்டாம், உங்களுக்குப் புரியணும்னு சொல்றேன்."

அண்ணி அதை இரண்டு தரம் படித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்படியே படம் எடுத்தார், சான்றிதழையும் சேர்த்தார், அனுப்பினார்.

"பாவமா இல்லையா அண்ணி?"

"இல்லை."

சாயங்காலம் அவன் கேட்டான். "கடிதம் என்னாச்சு மேடம்?"

"அனுப்பிட்டேனே சார்."

"எனக்கு வரலையே?"

"உங்க முதலாளிக்கு அனுப்பினேன்" என்று அடித்துவிட்டு, கீழே முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரைப் போட்டார் அண்ணி.