ஓரத்தில் நின்ற ஆள்

பீன்யா தொழிற்பேட்டையிலேயே என்னைப் போல ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆளே கிடையாது. சும்மா சொன்னேன், எங்கள் கம்பெனியில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

போன மாதம் நேரே பார்த்தபடி வண்டியை இடப்பக்கம் திருப்பினேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த லட்சுமம்மா அலறித் தாவினார். முன்கம்பி அவர் சேலையைக் கிழித்தது.

"கண்ணு காணல்வா நினகே?" என்று, கண் தெரியவில்லையா எனக் கன்னடத்தில் கேட்டு அழுதார்.

சத்தியமாக அவர் எனக்குத் தெரியவே இல்லை. கம்பெனியில் நடந்த கண் கேம்ப்பில் எல்லா வரியிலும் 'E' மாதிரி மூன்று கால் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் சரியாகக் காட்டியவன் நான்.

"அது நடுப்பார்வைப்பா. பக்கத்துல ஆள் வர்றத காட்டுறது ஓரப்பார்வை. கண்ணுல பிரஷர் ஏறி உனக்கு அது பாதி போயிடுச்சு," என்றார் பிறகு நான் போய் இதைச் சொன்ன கண் டாக்டர்.

"ஓரக்கண்ணால பாத்துதான் சார் என் சம்சாரத்தையே புடிச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "போனது வராது. மிச்சத்த காப்பாத்தலாம்."

சாவியைக் கொடுத்துவிட்டு இப்போது பேக்கிங்கில் நிற்கிறேன். கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஓர் அடி வைப்பதில்லை. கேம்ப்புக்குப் போனால் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் சொல்ல இதை எழுதும் மகள் என் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். நேரே பார்த்தால் அவள் இல்லை. இன்னும் எவ்வளவு போகுமோ என்று டாக்டரிடம்...

"யோவ், கத போதும். சொட்டு மருந்து போடணும், வாய்யா," என்கிறாள் சம்சாரம். அதை ஒரு வேளைகூட விடுவதில்லை. போகிறேன்.