மலைக் கை, ரோட்டுக் கை

ஒரு வேலையில் எத்தனை முறை தோற்ற பிறகு அதைத் தன் வேலை என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம்? சக்கரபாணியின் கடந்த மூன்று வருடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அவரிடமே கேட்டால், "அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? தோக்கறதுல மட்டும்தான் நான் பாஸ் பண்ணேன்" என்பார்.

முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. மனைவி மணிமொழி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். காலை ஏழு மணிக்கு அவர் பஸ் ஏறிப் போய்விட்டால் வீட்டில் சக்கரபாணி, அடுப்பு, தோட்டம், மணிமொழி கல்யாணத்தின்போது கொண்டுவந்து ஒருநாளும் மிதிக்க நேரம் கிடைக்காத தையல் மிஷின், இவ்வளவுதான்.

முதலில் அடுப்பைப் பிடித்தார். அவர் கிண்டிய முதல் களியில் மணிமொழி கரண்டியை நட்டுப் பார்த்தார். அது அப்படியே நின்றது. "பஸ் ஸ்டாப் போர்டு மாதிரி நிக்குதுங்க" என்றார். மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்தவர் சக்கரபாணிதான். பிறகு தக்காளி போட்டார். மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் ஒன்றுகூட விடாமல் ருசி பார்த்தன. "என் தோட்டத்துல கொரங்குங்களுக்கு சீசன் பாஸ்" என்று அதையும் ஊருக்குச் சொன்னார். தப்பிப் பிழைத்தது ஒரு சுரைக்கொடி மட்டும்.

தையல்தான் அவரைப் படுத்தியது. செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டார். எதைத் தைத்தாலும் அது கண்டக்டர் பையாகவே வந்தது. காய்கறிப் பையில் மூன்று அறை, தலையணை உறையில் ஒரு பாக்கெட். பேத்திக்குத் தைத்த கவுனில் அவள் தலை நுழையவில்லை. அது இப்போது மிக்ஸிக்கு உறை. இதில் இன்னொரு கூத்து, ஊசியில் நூல் கோக்கத் தெரிவதற்கு முன்பே 'சக்கரபாணி தையலகம்' என்று ஒரு பலகை எழுதி வாங்கிவிட்டார். அது சுரைப்பந்தலுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. "எழுத்து மட்டும் சுத்தமா இருக்குது பாரு, ஏன்னா அதை நான் எழுதல" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

கெட்டிக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. தன் தோல்வியைப் பிறர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுகிறவர்கள் துணிச்சல்காரர்களா, பயந்தவர்களா என்பதும் அவ்வளவு எளிதில் தீர்மானிக்கக்கூடியதல்ல.

இந்த வருடம் மணிமொழிக்கும் ஓய்வு வந்தது. பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். அதற்கென்று அரக்குநிறப் பட்டுச் சேலை ஒன்று எடுத்தார். சேலையோடு வந்த ஜாக்கெட் துணியைத் தையல்காரரிடம் கொடுக்கக் கிளம்பியபோது சக்கரபாணி வாசலில் மறித்துக்கொண்டார்.

"என்னாண்ட குடு. நான் தெக்கிறேன்."

"வெளையாடாதீங்க. அத்தினி பேர் முன்னாடி மேடையில நிக்கணும் நானு."

"இது சரியா வந்தா அந்த போர்டை வாசல்ல மாட்டுவேன். வரலன்னா மிஷினை மூட்டை கட்டிப் பரண்ல ஏத்திடுவேன். ஆயுசுக்கும் தொடமாட்டேன். போதுமா?"

சிரிக்காமல் அவர் பேசி மணிமொழி பார்த்தது குறைவு. துணியைக் கொடுத்துவிட்டார்.

முன்பக்கம், முதுகு எல்லாம் சரியாகத்தான் வெட்டினார். கைக்கு வந்தபோது, கரை ஒரு ஓரத்தில் மட்டும் இருந்ததால் துணியை மடித்து வெட்ட வழியில்லை. ஒரு கையை வெட்டினார். அதே காகித அளவை அப்படியே வைத்து இன்னொன்றையும் வெட்டினார். காகிதத்தைத் திருப்பிப் போடவேண்டும் என்பது தோன்றவே இல்லை. ஜாக்கெட் கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழம். துணிக்கும் நல்ல பக்கம் ஒன்றுதான், புரட்டிப் போட முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் வலது கை.

மீந்த துணியில் கைக்குட்டைகூட வராது. பொட்டலம் கட்டிக்கொண்டு தேரடித் தெரு வேணுவிடம் ஓடினார்.

தையல்காரர் வேணு இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். "கண்டக்டரே, ரெண்டு வலது கை இருக்கிற பொம்பளைய எங்க புடிச்சீங்க?"

"முப்பத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துறேன், இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சிது."

வேணு சிரித்துவிட்டு வழி சொன்னார். "சேலையோட உள்முனையில முக்கால் முழம் எடுங்க. இடுப்புல செருகற எடம், யார் கண்ணுலயும் படாது. கரையும் இருக்கும். குடுத்துட்டுப் போங்க, நாளைக்கே முடிச்சித் தரேன்."

சக்கரபாணி பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம், சுரைக்காய்க் கூட்டைப் பரிமாறியபடியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மணிமொழி சாப்பிடுவதை நிறுத்தினார்.

"புதுச் சேலையை வெட்டணுமா?"

"ஆமா."

"வேணு தெச்சித் தரேன்னாரா?"

"சொன்னாரு."

"அப்புறம் ஏன் எடுத்துனு வந்தீங்க?"

அவர் கூட்டையே கிளறிக்கொண்டிருந்தார். மணிமொழி கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சேலையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தபா என்னாண்ட காட்டிடுங்க. கூட்டுல உப்பு கம்மி."

மறுநாள் பௌர்ணமி. பகலிலேயே ஜனங்கள் வலம் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலோரம் சேலையை விரித்து, சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இடது எது வலது எது என்று நான்காவது முறையாகக் குழம்பிக்கொண்டிருந்த சக்கரபாணி வெளியே பார்த்தார். போகிற அத்தனை பேருக்கும் வலப்பக்கம் மலை, இடப்பக்கம் ரோடு. ஏற்கெனவே வெட்டியதில் ஒன்றின் உள்பக்கம் 'மலை' என்று எழுதினார். சேலை முனையில் காகிதத்தைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்து, 'ரோடு' என்று எழுதி மனைவியைக் கூப்பிட்டார். மணிமொழி வெட்டிய கையை ஒரு தோளிலும் கோடு போட்ட சேலை முனையை மறு தோளிலும் வைத்துப் பார்த்து, "ரைட், போலாம்" என்றார்.

கத்தரி ஓடியது. நான்கு நாள் தைத்தார், மூன்று முறை பிரித்தார்.

விழாவில் சக்கரபாணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணிமொழி மேடை ஏறும்போது அவர் பார்த்தது முகத்தை அல்ல, தோளை. தையல் எங்கும் சுருங்கவில்லை. மாலை போட்டுக்கொள்ளக் குனிந்தபோதும் இழுக்கவில்லை. குறை தேடித் தேடிப் பார்த்தார். டீக்கடையில் சொல்வதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் தலைமையாசிரியை வேதா வந்து நின்றார். "மணிமொழி, ஜாக்கெட் யாரு தெச்சது? கை எவ்ளோ அழகா ஒக்காந்திருக்குது! எனக்கு ஒருத்தரும் இப்படித் தெச்சிக் குடுக்கறதில்ல."

மணிமொழி முகமெல்லாம் சிரிப்பாகக் கணவர் பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்த நான்கைந்து டீச்சர்களும் திரும்பினார்கள்.

சக்கரபாணி இலையிலிருந்து கையை எடுத்தார். "தேரடித் தெருவுல வேணுன்னு ஒருத்தர் இருக்காரு, மேடம். நல்ல கை" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மணிமொழி கேட்டார். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"டிக்கெட் பத்திரமா வெச்சிருக்கியா?" என்றார் அவர்.

பிறகு இரண்டு மூன்று தடவை கேட்டும் இதே மாதிரிதான் பேச்சை மாற்றினார். கவுன் கதையையும் களிக் கதையையும் இன்றும் டீக்கடையில் சொல்கிறார். ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மிஷின் பரணுக்குப் போகவில்லை, தினமும் ஓடுகிறது. பலகையும் வாசலுக்கு வரவில்லை. அதன் மேல் சுரைக்கொடி ஏறி, 'தையலகம்' மறைந்து, 'சக்கரபாணி' மட்டும் தெரிகிறது.