ஏரியைப் பற்றி ஐந்து நிமிடம்

நான் ஆக்டிங் டிரைவர். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், ஓட்ட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள். போவேன். ஓட்டுவேன். அவர்கள் வேலையை முடித்துவிட்டு வரும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். ஓட்டுகிற நேரத்தைவிட உட்காருகிற நேரம் அதிகம். தி.நகரில் புடவை எடுக்கப் போனவர்கள் சீக்கிரம் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

இந்தத் தொழிலில் வாய் திறக்கக் கூடாது. பின் சீட்டில் சொத்துப் பிரிப்பார்கள், சம்பந்தம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். காது கேட்காதவன் மாதிரி ரோட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. டிரைவர் ஆவதற்கு முன்பும் நான் அப்படித்தான்.

என் மனைவி நேர் எதிர். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் காலையில் இட்லிக் கடை போடுகிறாள். சட்னி ஊற்றி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவரின் ஊர், உறவு, உடம்புக்கு என்ன என்பதெல்லாம் கேட்டு வாங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள். நான் "ம்" என்பேன். இத்தனை வருடக் குடித்தனம் அந்த "ம்"மிலேயே ஓடிவிட்டது.

ஒருநாள் மதியம் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு விளம்பரம் வந்தது. தமிழக வரலாறு. தொலைதூரக் கல்வி. ஒரு வருடம், எல்லாம் போனிலேயே. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று போட்டிருந்தது. நான் எட்டாவது ஃபெயில். அதோடு நின்றவன். ஒரு படிப்பையாவது முடித்தவன் என்று இருக்க ஆசை. அழுத்தினேன்.

பாடம் சொன்னது ஒரு மேடம். முகம் தெரியாது. குரல்தான். நிதானமான குரல். காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். அடையாறில் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம், நங்கநல்லூரில் கோயில் வாசலில் கொஞ்சம். பழைய காலத்தில் மயிலாப்பூர் துறைமுகமாக இருந்தது என்று ஒருநாள் சொன்னார். அன்று சாயங்காலம் பட்டினப்பாக்கம் வழியாக வண்டி ஓட்டினேன். கப்பல் தெரிந்தது. இல்லைதான். ஆனாலும் தெரிந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நடுவில் வைத்த பரீட்சைகள் சுலபம். நாலு பதில் இருக்கும், சரியானதைத் தொட வேண்டும். தொட்டேன். நல்ல மார்க் வந்தது. மனைவி கடையில் சொல்லிவிட்டாள். அதன்பிறகு நான் தெருவில் நடந்தாலே, "இன்னா மாமா, காலேஜுக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பெரிய ஆச்சரியம் தி.நகர் பாடம். பாண்டி பஜாரில் வண்டியைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி என்றார் மேடம். நீளமான ஏரி. வெள்ளைக்காரன் காலத்தில் அதைத் தூர்த்து வீட்டுமனை போட்டார்கள். கதவைத் திறந்து கீழே பார்த்தேன். தார் ரோடு. இத்தனை வருடமாக ஏரிக்குள்ளே பார்க்கிங் தேடியிருக்கிறேன்.

கடைசிப் பரீட்சை வந்தது. அதில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே கேள்வி. உங்கள் ஊரில் ஒரு நீர்நிலை மாறியபோது மக்கள் வாழ்க்கை எப்படி மாறியது? உங்கள் சொந்தக் குரலில் பேசிப் பதிவு செய்து அனுப்பவும். ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று முறை அனுப்பலாம். மூன்றிலும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது, படிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் எப்போது பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட இல்லை.

மறுநாள் தி.நகரில் மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். போனை எடுத்துப் பேசினேன். "தி.நகர் முன்னாடி ஏரி. வெள்ளைக்காரன் காலத்தில் தூர்த்தார்கள். வீடு கட்டினார்கள். மழை வந்தால் ஏரி திரும்பி வருகிறது. நன்றி."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அனுப்ப முடியவில்லை. நேரம் போதவில்லை என்று வந்தது. இன்னொரு தடவை அதையே சொன்னேன். நேரத்தை ஓடவிட்டு, போனை டாஷ்போர்டில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆனதும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் குரலில் பதில் வந்தது. மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

"ஐயா, வணக்கம். நீங்க சொன்ன நாலு வரியும் சரி. ரெண்டாந்தரம் சொன்னதும் சரி. அதுக்கப்புறம் ஒரு காக்கா நல்லாப் பேசுது. நடுவுல யாரோ 'ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வா'ங்கறார். அவங்களுக்கு நான் மார்க் போட முடியாதுங்களே. கொஞ்சம் விரிவாச் சொல்லி அனுப்புங்க."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "காக்கா பாஸுய்யா. நீதான் ஃபெயிலு."

எழுதி வைத்துக்கொண்டு பேசலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினாலும் அதே நாலு வரிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தது. அவள் மறுநாள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் போனைத் தரையில் வைத்துப் பதிவை அழுத்தினேன். "தி.நகர் முன்னாடி ஏரி" என்றேன்.

"எம்மாம் பெருசு?" என்றாள் அவள்.

"பெருசு."

"பெருசுன்னா? நம்ம மயிலாப்பூர் கொளத்தாட்டமா?"

"அது மாதிரி எத்தினியோ உள்ள போடலாம். மாம்பலத்துலேர்ந்து நுங்கம்பாக்கம் வரிக்கும் தண்ணி."

"அடேங்கப்பா. அம்மாந் தண்ணிய இன்னா பண்ணாங்க? கொடத்துல மொண்டு ஊத்துனாங்களா?"

"கரைய வெட்டி உட்ருப்பாங்க."

"வெட்டிட்டா கீழ வயல் வச்சிருந்தவன் தண்ணிக்கு எங்க போவான்?"

"வயல வித்துருப்பான். வூடு வந்துது."

"செரி, மீனு?"

"இன்னா மீனு?"

"ஏரின்னா மீன் இருக்கும்ல? மீன் இருந்தா புடிக்கிறவன் இருப்பான். ஏரிய மூடிட்டா அவன் எங்கய்யா போனான்?"

"தெரில."

"தெரியாம இன்னா படிச்சிகினு கீறே ஒரு வருசமா?"

"மே, வெள்ளைக்காரன் அந்த ஏரில படகுப் பந்தயமெல்லாம் வுட்ருக்கான். தெரியுமா?"

"தொரைசானியும் வந்தாளா?"

"வந்திருப்பா."

"இன்னா துணி கட்டிகினு வந்தா?"

"மேடம் அத்தச் சொல்லல."

"நீ கேட்டிருக்கலாம்ல?"

இப்படியே போயிற்று. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட அவள் எழுந்தபோதுதான் போனைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. நம்பவே முடியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

பதில் வந்தது. "ஐயா, ரொம்ப நல்லா இருந்துது. ரெண்டு தடவ கேட்டேன். அம்மா கேக்கறது எல்லாமே சரியான கேள்வி. ஆனா என்ன பண்றது, விதிப்படி மாணவர் குரல் மட்டும்தான் இருக்கணும். இது கடைசி வாய்ப்புங்க. பேசும்போது அம்மாவ வெளிய அனுப்பிடுங்க."

"வெளிய அனுப்பணுமா? எங்க வூட்லேர்ந்து என்னியவா?" என்றாள் அவள். ஆனால் கோபம் நிலைக்கவில்லை. "சரியான கேள்வி" என்று வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மறுநாள் காலை இட்லி வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்த விஷயம் தெரிந்திருந்தது.

எனக்குத்தான் பயம் பிடித்தது. அவள் இல்லாமல் பேசிப் பழகுவோம் என்று, வண்டியில் தனியாக இருக்கும்போதெல்லாம் முயற்சி செய்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பிப்பேன். மூன்றாவது வரியில் நின்றுவிடும். எதிரில் ஸ்டியரிங்தான் இருந்தது. அது ஒன்றும் கேட்காது.

அந்த வாரம் மயிலாப்பூரில் என்னை வழக்கமாகக் கூப்பிடுகிற ஒரு மாமியைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். வெளியே காத்திருந்த நேரத்திலும் அதே வேலைதான். தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மாமி ஒரு பக்கம் வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு ஏறினார். என்னைப் பார்த்துக் கையைத் திருப்பி, என்ன என்று கேட்டார்.

"பரீட்சை மா. தி.நகர் ஏரியப் பத்திப் பேசணும்."

மாமிக்குக் கண் விரிந்தது. கையை முன்னால் ஆட்டினார். சொல்லுங்கோ, மேலே சொல்லுங்கோ என்று.

வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். கண்ணாடியில் பார்த்தால், அத்தனை பெரிசா என்று கையை அகலமாக விரிக்கிறார். எவ்வளவு பெரிது என்று சொன்னேன். தண்ணீர் எங்கே என்று கையைக் கவிழ்க்கிறார். அதையும் சொன்னேன். லஸ் சிக்னலில் நின்றபோதும் நான் நிறுத்தவில்லை. அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஏரியைத் தூர்த்து, தெரு போட்டு, கடைகூடத் திறந்துவிட்டிருந்தேன்.

மாமி இறங்கும்போது பஞ்சோடு, "இத்தனை நாளா வாயே திறக்க மாட்டேளே" என்றார். பாதிதான் புரிந்தது.

அந்தப் பேச்சை நான் பதிவு செய்யவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது கேட்கிற ஆள். அந்த ஆளுக்குக் குரல் வேண்டியதில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் யோசித்தாள். "நானு. பேசாம. அஞ்சு நிமிசம்."

"ஆமா."

"பரீட்சை உனக்கா எனக்காய்யா?"

அடுத்த ஞாயிறு ஏற்பாடு செய்தோம். குக்கரை இறக்கினாள். ஃபேன் சத்தம் போடும் என்று நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டில் போய், கொஞ்ச நேரம் டிவி போடாதீங்க, வூட்டுக்காருக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டு வந்தாள். அது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கடைசியாக, சத்தம் வரும் என்று கைவளையல்களைக் கழற்றி அரிசி டப்பாமேல் வைத்தாள். எனக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். நான் அழுத்தினேன்.

"தி.நகர் முன்னாடி ஏரி" என்றேன்.

இரண்டு கையையும் விரித்தாள். எவ்வளவு நீளம் என்று சொன்னேன். குடத்தைச் சாய்ப்பது போல் காட்டினாள். தண்ணீர் போன வழியைச் சொன்னேன். குனிந்து நாற்று நட்டாள். வயல் போனதைச் சொன்னேன். மூக்கைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து, துரைசானி மாதிரி உட்கார்ந்தபடியே நடந்தாள். படகுப் பந்தயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் முந்தானைக்குள் குலுங்குகிறாள், சத்தம் மட்டும் வரவில்லை. போச்சு, கடைசி வாய்ப்பும் போச்சு என்று நினைத்தேன். அவள் கண்ணை உருட்டிக் கையை ஆட்டினாள். மேலே போ.

மேலே போனேன். புதிதாகக் குடிவந்தவர்களைச் சொன்னேன், கடைகளைச் சொன்னேன், மழைக்காலத்தில் அங்கே வண்டி மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். அவள் விரல்களைச் சேர்த்து நெளித்தாள். மீன். அப்புறம் வலை வீசினாள். அப்புறம் அந்தக் கையை விரித்து, எங்கே என்று கேட்டாள்.

"ஏரியில் மீன் பிடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன். "பாடத்தில் வரவில்லை. வேறு ஏரிக்குப் போயிருக்கலாம். கடலுக்கும் போயிருக்கலாம். அந்த வீடு கட்டும் வேலைக்கே மண் சுமந்திருக்கலாம். அவர்களைப் பற்றியும் யாராவது தேடி எழுத வேண்டும்."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குத் திருப்தி. எனக்குச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. போனைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டி வெகு தூரம் வந்திருந்தேன். நிறுத்தினேன்.

நிறுத்தியதுதான் தாமதம், அவள் முந்தானையைத் துப்பிவிட்டு மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். நான் விட்டதெல்லாம் என்ன, எங்கே குரல் இறங்கியது, மாட்டுக்கு எங்கே தண்ணீர் காட்டியிருப்பார்கள் என்று ஏன் சொல்லவில்லை. சாயங்காலம் வரை ஓயவில்லை. சிரிப்பும் சேர்ந்துதான் இருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டேன். "அனுப்புய்யா. சிரிச்சது நீதானே? மாணவர் குரலுதானே?" என்றாள். அனுப்பினேன்.

முடிவு வருவதற்குள் ஒரு வாரம் ஆனது. அன்று பெசன்ட் நகரில் இருந்தேன். ஒரு குடும்பத்தைக் கடற்கரையில் இறக்கிவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சூரிய வெளிச்சம். போன் அடித்தது. தேர்ச்சி என்று எழுத்தில் இருந்தது. கூடவே மேடம் குரல். "ஐயா, வாழ்த்துகள். நடுவுல ஒரு இடத்துல சிரிச்சீங்க. எதுக்குன்னு தெரியல. கேட்டுட்டு நானும் சிரிச்சேன்."

அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு மனைவிக்குப் போன் செய்தேன்.

"பாஸு" என்றேன்.

"அய்யோ சாமி! அப்பறம்?"

"அவ்ளோதான்."

"அவ்ளோதானா? ஒழுங்கா சொல்லுய்யா. எப்ப வந்துது? எங்க உக்காந்துகினு கீறே? மேடம் இன்னா சொன்னாங்க? சிரிச்சத்த கேட்டாங்களா? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். கடற்கரைக் கூட்டத்தைச் சொன்னேன், போன் அடித்ததைச் சொன்னேன், மேடம் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கார் சொந்தக்காரர் குழந்தைகளோடு மணலைத் தட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தட்டினார். கதவைத் திறந்துவிட்டு, ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.