தனத்தின் டோப்பா

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் மத்தியானம் முழுக்க டிவி ஓடும். போன வாரம் சாம்பார் வாளியோடு வந்த மெஸ்காரம்மா என் இலையை மறந்துவிட்டு சீரியலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். திரையில் ஒரு தாய் சம்பந்தி வீட்டு வாசலில் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா பேசுனா நானே பேசுற மாரி கீது" என்றார்.

"அவங்க என் சம்சாரம்தான்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார், என் மூஞ்சி அப்படி.

பொய்யில்லை. மேடையில் நான் அவனுக்குப் புருஷன். சீரியலில் தாயாக வந்த அவன் பெயர் தனசேகர். எங்கள் ஆடல் பாடல் குழுவில் அவனுக்குப் பெண் வேடம், எனக்கு அவனிடம் அடி வாங்கும் குடிகாரக் கணவன் வேடம். படாளத்திலிருந்து மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்கள் வரை, திருவிழா என்றால் எங்கள் வேன் வந்து நிற்கும். வேனுக்குள் பான்கேக் மேக்கப்பும் மல்லிகைப்பூவும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு வசனம் ஞாபகம் வந்துவிடுகிறது. நெற்றியில் பொட்டு ஏறிவிட்டால் அவன் தனம். அப்புறம் யாராவது "டா" போட்டால் திரும்பியே பார்க்கமாட்டான்.

மற்ற குழுக்களில் பெண் வேடக்காரர்கள் இடுப்பை ஒடித்து, கீச்சுக் குரலில் பேசுவார்கள். தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீன் விற்றுவிட்டு வரும் களைப்போடு சும்மா நடந்து வருவாள். பார்த்தீர்களா, எனக்கே 'வருவாள்' என்றுதான் வருகிறது.

ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியில் டோப்பாவைக் கழற்றி, ஆம்பளைதான் என்று காட்டியாக வேண்டும். விசில் பறப்பது அதற்குத்தான். கழற்றும் வேலை என்னுடையது. சண்டை முற்றியதும் முடியைப் பிடித்து ஓர் இழு. எனக்கென்று கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

ஒரு குப்பத்தில் அப்படி இழுத்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்துவிட்டார். "யோவ், எதுக்குய்யா புடுங்குன? அவ நாயமாத்தான பேசிக்கினு இருந்தா!"

வேனில் ஏறியதிலிருந்து தனசேகருக்கு அதே பேச்சு. "கேட்டியா மச்சான், 'அவ'ன்னுச்சுபா அந்தம்மா. நீ இழுத்தியே, அப்பவே அவ செத்துப்பூட்டா."

அப்புறம்தான் டிவி வாய்ப்பு வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் ஷூட்டிங். மகனைக் கடலில் பறிகொடுத்த தாயாக ஒரே ஒரு காட்சி. துணைக்கு நானும் போயிருந்தேன். டைரக்டர் எங்கள் மேடையைப் பார்த்தவர். அழுது முடித்ததும் டோப்பாவைக் கழற்றிவிட்டுச் சிரிக்க வேண்டும், விளம்பரத்தில் அதைத்தான் போடுவோம் என்றார்.

"கழட்ட மாட்டேன் சார்."

இந்த வாய்ப்புக்காக அவன் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "கம்முனு கழட்டிட்டு வா, சான்ஸு பூடும்" என்று காதைக் கடித்தேன்.

அவன் டைரக்டரிடமே சொன்னான். "புள்ளய வாரிக் குடுத்துட்டு நிக்கிறா சார் அந்தம்மா. அவ எதுக்கு சார் மண்டைய காட்டணும்? நான் ஆம்பளன்னு ஊருக்குத் தெரியணும்னா என் பேரப் போடுங்க. தனசேகர்னே போடுங்க. இல்லாங்காட்டி வேற ஆளு பாத்துக்கோங்க."

முதலில் நடி, பார்க்கலாம் என்றார் டைரக்டர் எரிச்சலோடு.

நடித்தான். அழவே இல்லை. கடலைப் பார்த்து, "நேரமாவுது, சோறு ஆறிப்பூடும், வாப்பா" என்று கூப்பிட்டான். வசனத் தாளில் இல்லாத வரி அது. டைரக்டர் கட் சொல்ல வெகுநேரம் ஆனது. டோப்பா பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஒரே காட்சிக்கு வந்த தாய் அந்த சீரியல் முடியும்வரை இருந்தாள். பிறகு எத்தனையோ தாய்கள், மாமியார்கள். எல்லாவற்றிலும் தனசேகர் என்றே பெயர் ஓடுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமை என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

சமீபத்தில் வேடந்தாங்கல் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தேன். பெண் வேடத்தில் ஓர் இளைஞன் பிரமாதமாக ஆடினான். முடித்ததும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் காத்திருந்து பார்த்துவிட்டு, "டோப்பாவக் கழட்ட மாட்டாங்களா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன்.

"இன்னாத்துக்குண்ணா?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

எங்கள் குழு கலைந்துவிட்டது, வேனையும் விற்றுவிட்டார்கள். அதற்கெல்லாம் வருத்தப்பட்டிருக்கிறேன். டோப்பா இழுக்கும் என் வேலை ஒழிந்ததற்கு மட்டும், அன்றைக்குக் கூட்டத்தின் கைதட்டல் ஓய்ந்த பிறகும் நான் ஒருவனாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.