கவிதாவுக்கு நட்சத்திரம் கொட்டிய டேப்

சின்னப் பிள்ளைகளுக்கு டேப்லட் என்கிற டேப்பில் எழுத்துப் படிப்பிக்கும் வேலையில் முதலில் தேய்வது விரல், அடுத்தது பொறுமை. எழுத்து மட்டும் கடைசிவரை வராது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாதங்களில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சருக்கு உதவியாக இருந்தேன். பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டுப் படிக்கிறது என்று நம்பிய அக்காமாரே, அண்ணன்மாரே, நீங்களும் என் கட்சிதான்.

மிஞ்சியதே சரி

"'அ' எங்கே? தொடு!" என்று டேப்புக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்பாள். நாலு எழுத்து நிற்கும். பிழையானதைத் தொட்டால் அது மறைந்துவிடும். சரியானதைத் தொட்டால் கைதட்டல், நட்சத்திரம். தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போகவிருந்த கவிதாதான் எங்கள் நட்சத்திர ராணி. எனக்குச் சந்தேகம். கரும்பலகையில் நாலு எழுத்து எழுதி 'அ'வைக் காட்டச் சொன்னேன். யோசிக்காமல் மூன்றை உள்ளங்கையால் அழித்தாள். மிஞ்சியது 'ஈ'.

"மத்ததெல்லாம் போயிருச்சு அக்கா, இதான் சரி."

அலுமாரிக்குப் பின்னால்

எந்தக் குரலும் எனக்கு வரும். டேப்பில் சார்ஜ் தீர்ந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்து நானே அந்தப் பெண்ணாகிவிடுவேன். "மிக நன்று! டீச்சர், இப்போது பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கவும்!" டீச்சர் லேஞ்சித் துணியோடு பாதி தூரம் போய்விட்டார்.

கேலி ஒருபுறம். கரும்பலகையில் அழிக்கக் கூடாது என்று அதே குரலில் சட்டம் போட்டதால், கவிதா எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. ஒரு கிழமையில் மூன்று எழுத்து பிடித்துவிட்டாள். தினமும் இப்படியே செய்வோமே என்றேன். டீச்சர், டேப் கொடுத்தவர்களுக்குப் போகும் மாத ரிப்போர்ட்டைக் காட்டினார்.

"நட்சத்திரம் குறைஞ்சா டேப்பத் திருப்பி எடுத்துருவாங்க. நீ வாய மூடிக்கிட்டு சார்ஜப் போடு."

சேர் வந்தார்

டேப் கொடுத்த இடத்திலிருந்து கெலிஓயா ஊர்க்கார அதிகாரி ஒருவர் வந்தார்; எங்களுக்கு அவர் 'சேர்'. அதிக நட்சத்திரத்துக்குச் சான்றிதழ், கவிதாவோடு போட்டோ. ஆள் வாகனத்தில் ஏறுவதற்குள் மறித்து, அவள் அழித்து அழித்து விடை பிடிக்கும் கதையைச் சொன்னேன், அவள் குரலிலேயே. அவர் ரசித்துச் சிரித்தார்.

"பிழையக் கழிச்சுக் கண்டுபிடிக்கிறதும் மூளதானே தங்கச்சி. கணக்குல நல்லா வருவா."

லெமினேட் செய்தது

தை மாதம் கவிதாவின் அம்மா செல்வியக்கா, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்கு ஓரெழுத்தும் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் உட்கார வைத்துவிட்டார்களாம். என்னிடம் பிடித்த அந்த மூன்று எழுத்தும் எப்போதோ போய்விட்டிருந்தன. செல்வியக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. லெமினேட் செய்த சான்றிதழை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "எழுத்தறிவில் முதலிடம்" என்று வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அது பொய்யக்கா என்றேன்.

"படிச்சவங்க கையெழுத்துப் போட்டது பொய்யா இருக்குமா பாப்பா? புள்ளதான் அங்க போய் மறந்துட்டா."

எத்தனையோ பேர் குரலில் பொய் சொல்லி ஊரையே ஏமாற்றியிருக்கிறேன். என் சொந்தக் குரலில் சொன்ன ஒரே ஓர் உண்மையைத்தான் யாரும் நம்பவில்லை.