மஞ்சள் பையில் அடித்த போன்கள்

பிள்ளைகளா, போனை எடுத்ததும் "அப்பாதான், நல்லா இருக்கேன்" என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். யாரும் கேட்காமலே ஏன் சொல்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

உங்கள் சித்தப்பாவுக்கும் எனக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்கும்போது எங்கள் ஆட்கள் போன் கொண்டுபோவதில்லை. கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை அக்காவிடம் கொடுத்துவிடுவோம். அவர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டுவார். அடித்தால் எடுத்து, டூட்டியில் இருக்கிறார், வந்ததும் பேசுவார் என்று சொல்லுவார். எல்லா வீட்டுக்கும் அந்தக் குரல் பழக்கம்.

சித்தப்பா போனை எடுத்தால் ஹலோ கிடையாது. "ஆங், சொல்லு" என்பார். சித்திக்கு அது பிடிக்காது. "நான் என்னா உங்க கீழ வேலை செய்யறவளா, ரிப்போர்ட்டு சொல்றதுக்கு?" என்று சண்டை பிடிப்பாள்.

ஒரு நாள் விடாத மழை. நான் முதல் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் ஒதுங்கியிருந்தேன். சித்தப்பா அப்போதுதான் இறங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் மண் சரிந்து இறங்கும் பாதை மூடிக்கொண்டது என்றார்கள். கீழே தண்ணீர் ஏறுகிறதாம். ஆட்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

சேதி ஊர்களுக்குப் போயிருக்க வேண்டும். பை அடிக்க ஆரம்பித்தது. அக்கா ஒன்றை எடுத்து, டூட்டியில் என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டார். பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீ எடு தம்பி. எனக்கு வாய் வரல."

உள்ளே பார்த்தேன். ஒரு போனில் 'வீடு' என்று வந்தது. அடுத்ததிலும் 'வீடு'. எடுத்து என்ன சொல்வது? புருஷன் போனில் வேறு ஆம்பிளைக் குரல் கேட்டாலே அந்தப் பெண்ணுக்கு உயிர் போய்விடும். எடுக்காவிட்டாலும் அதே கதிதான். பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சித்தப்பாவின் போன் அடித்தது. 'வூடு' என்று அவர் பேசுகிற மாதிரியே எழுதி வைத்திருந்தார். நின்றது, மறுபடி அடித்தது. எடுத்தேன். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நான்தான் என்று தெரிய சித்திக்கு அதுவே போதும்.

"மாமா, நீங்க ஏன் எடுக்கறீங்க? அவரு எங்க?"

"கீழதாம்மா. வழி வெட்டிகினு இருக்காங்க."

"வெச்சுடாதீங்க மாமா. அவரு வந்து பேசற வரைக்கும் வெச்சுடாதீங்க."

வைக்கவில்லை. வடக்குத்து ஊரில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுவது காதில் கேட்டது. இங்கேயும் அதே மழை. மடியில் மற்ற போன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. கடையில் கரண்டு இல்லை. எந்தச் சாமியை வேண்டாமல் விட்டேன் என்று நினைவில்லை.

பொழுது சாயும்போது பள்ளத்தின் கரையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், ஆனால் யார் யார் என்று தெரியாத அளவுக்குச் சேறு. நொண்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தவர் சித்தப்பா என்று கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. குளிரில் அவருக்கு விரல் மடங்கவில்லை. போனை நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்தேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"ஆங்... சொல்லு."

அந்தப் பக்கம் சித்தி சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் போட்டேன்."