ஈரத் தலையோடு மில்லுக்குப் போன வெள்ளிக்கிழமை

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை ஷிப்டுக்கு பஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் அதற்கு முன்பே எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்துவிடுவேன்.

"ஈரத்தோட பின்னாத, முடி உடைஞ்சு பளபளப்பு போயிரும்" என்பாள் அம்மா. அதனால் நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு, வேலை பார்க்கும்போதே காயட்டும் என்று விட்டுவிடுவேன். கொண்டை போட்டுத் துணி கட்டச் சொல்லி மேஸ்திரி சத்தம் போடுவார். அவர் தலை மறைந்ததும் அவிழ்த்துவிடுவேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அறுந்த இழையை ஒட்டக் குனிந்தேன். முடி முன்னால் சரிந்து, நூலைச் சுற்றிக்கொண்டு சுழலும் கதிரில் மாட்டிக்கொண்டது. முகம் மெஷினை நோக்கி இழுபட்டது. கத்தினேன், மில் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து மெஷினில் நின்ற செல்வி தற்செயலாகத் திரும்பியவள், ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். முடியைக் கத்தரித்துத்தான் என்னை விடுவிக்க முடிந்தது.

"ஏட்டி, ஒனக்குத் தலை வேணுமா, முடி வேணுமா?" என்று அழுதுகொண்டே என் முதுகில் அடித்தாள்.

கதிரில் நூலோடு சேர்ந்து என் முடி இறுகச் சுற்றியிருந்தது, அத்தனை பளபளப்பாக.

இப்போது லீவு நாளில்தான் தலைக்குக் குளிக்கிறேன். மில்லில் கொண்டை போட்டு, மேலே துணியும் கட்டிக்கொள்கிறேன். அப்படியும், மெஷின் முன் குனியும்போதெல்லாம் கை தானாகப் பிடரிக்குப் போய்விடுகிறது.